மருந்தை வாங்கும் முன், ஒரு சதுர அடி தோண்டுங்கள்

ஆடி பிறந்து ஐப்பசி முடியும் வரை எனக்கு வரும் கேள்விகளில் பாதி, வேரைப் பற்றியவை. 'கடலைச் செடி அங்கங்கே வாடி நிற்கிறது, பிடுங்கினால் வேரே இல்லை' என்று எல்லாபுரம் வட்டாரத்தில் கேட்பார்கள். 'கரும்பு மஞ்சளாகி, இழுத்தால் தூரோடு கையில் வருகிறது' என்று திருத்தணிப் பக்கம் கேட்பார்கள். சில ஆண்டுகளாக நகரத்து வாசகர்களிடமிருந்து இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: 'வீட்டு முன்னால் போட்ட புல்தரை திட்டுத்திட்டாகக் காய்கிறது. தோண்டினால் வெள்ளை வெள்ளையாகப் புழு. ரசாயன மருந்து போடாமல் என்ன செய்யலாம்?'

மூன்றுக்கும் காரணம் ஒரே குடும்பம்தான். வெள்ளை வேர்ப்புழு என்று நாம் சொல்வது, பழுப்பு நிற வண்டுகளின் இளம்பருவம். ஆங்கில எழுத்து 'சி' போல வளைந்து கிடக்கும். தலை பழுப்பு, உடம்பு வெள்ளை, மூன்று ஜோடிக் கால்கள், வால்பக்கம் உள்ளிருக்கும் மண் தெரிவதால் கறுத்திருக்கும். கடலை வேரோ, கரும்பு வேரோ, அருகம்புல் வேரோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். அதனால், நகரத்துப் புல்தரையைப் பற்றி இங்கே எழுதுவது கடலைக்காரருக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது காத்திவாக்கத்தில். 'அங்கே என்ன சார் விவசாயம்?' என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகம், நடுவில் தொழிற்சாலைகள், கன்டெய்னர் லாரிகள். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேரும் வரை தனி நகராட்சியாக இருந்த ஊர். மண் தெரியும் இடம் குறைவு. அப்படிப்பட்ட ஊரில் எங்கள் தெருமுனையில் பத்து சென்ட் அளவுக்கு ஒரு காலியிடம் உண்டு. குடியிருப்போர் சங்கம் குப்பையை அள்ளி, செம்மண் கொட்டி, எரு போட்டு, கொரியன் புல் பதித்தது. காலையில் வயதானவர்கள் நடப்பார்கள். மாலையில் பிள்ளைகள் உருளுவார்கள். வெறுங்காலோடு மண்ணை மிதிக்க எங்கள் பகுதியில் அது ஒன்றுதான் இடம்.

இரண்டாம் ஆண்டு புரட்டாசியில் அந்தப் புல் காய ஆரம்பித்தது. தண்ணீர் விட்டும் பச்சை திரும்பவில்லை. விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் பாயைச் சுருட்டுவதுபோல் புல் தனியாக வந்தது. மைனாக்களும் காக்கைகளும் காலையிலிருந்தே கொத்திக்கொண்டிருந்தன.

சங்கத்துக் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒருவர், 'எனக்குத் தெரிஞ்ச கடையில குருணை மருந்து கிடைக்குது. தூவி தண்ணி விட்டா ஒரே வாரம், எல்லாம் செத்துடும்' என்றார். இன்னொருவர், 'இந்தத் தலைவலியே வேணாம். பேவர் பிளாக் போட்டுடலாம். ரெண்டு கார் நிறுத்தலாம்' என்றார். பேவர் பிளாக்குக்குத்தான் தலைகள் அதிகம் ஆடின.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். மீன் விற்பவர், மகன் கழிமுகத்தில் இறால் பிடிப்பவர். 'ஏம்பா தம்பி, நீதான விவசாய ஆபீசரு. அந்த மருந்து மழைத்தண்ணியில எங்க போவும்? எங்க ஆத்துக்குத்தான?' என்று என்னைப் பார்த்துக் கேட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்ப் படலம் கழிமுகத்தில் பரவியதையும், வலையும் படகும் கறுத்துப்போனதையும் பார்த்தவர் அவர். அவருக்கு அது வெறும் கேள்வி இல்லை, பிழைப்பு.

'ஆமாம்மா, அங்கதான் போகும்' என்றேன். பிறகு, ஒரு பருவம் எனக்குக் கொடுங்கள் என்று சங்கத்தாரிடம் கேட்டுக்கொண்டேன். 'சரி சார், அடுத்த வருஷம் இதே மாசம் பார்ப்போம். சரிவரலேன்னா பேவர் பிளாக்தான்' என்று தலைவர் முடித்துவைத்தார்.

குருணை மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேர்ப்புழுவுக்கு நெடுங்காலம் எல்லோரும் போட்டது போரேட். 2018-ல் மத்திய அரசு பிறப்பித்த ஆணையின்படி, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அதை விற்கவும் கூடாது, பயன்படுத்தவும் கூடாது. யாராவது பழைய இருப்பு என்று கையில் திணித்தால் வாங்காதீர்கள். என் பணிக்காலத் தொடக்கத்தில், இந்தக் குருணை போட்ட ஒரு கடலைக் காட்டில் உழவின் பின்னால் வந்த கொக்குகளும் மைனாக்களும் சால் ஓரமாகச் செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். புழுவைத் தின்ன வந்தவை அவை. நமக்குச் சம்பளம் வாங்காமல் வேலை செய்பவர்களை நாமே கொல்வதற்கு என்ன பெயர்? பிள்ளைகள் உருளும் புல்லில் அப்படிப்பட்ட எந்த மருந்துக்கும் இடமில்லை.

முதல் வேலை: அது எந்தப் புழு?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடப்பாரை, மண்வெட்டியோடு தெருப்பிள்ளைகள் ஆறேழு பேர் சேர்ந்துகொண்டார்கள். காய்ந்த இடம், பாதி காய்ந்த இடம், பச்சை இடம் என்று மூன்று இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாக, நான்கு விரற்கடை ஆழத்துக்கு வெட்டி, மண்ணை ஒரு சாக்கின் மேல் கொட்டி உதிர்த்தோம்.

கிடைத்த புழுக்களைச் சிமென்ட் தரையில் விடச் சொன்னேன். சில புழுக்கள் பக்கவாட்டில் சுருண்டு கிடந்து காலை உதைத்தன. இரண்டு மட்டும் மல்லாந்து, கால் ஆறும் வானத்தைப் பார்க்க, முதுகாலேயே ஊர்ந்து போயின. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. 'இதுங்களை எருக்குழியில விட்டுடுங்க' என்றேன். முதுகால் ஊர்பவை மட்கிய எருவைத் தின்னும் பூவண்டுப் புழுக்கள். உயிருள்ள வேரை அவை தொடுவதில்லை. எருவோடு வந்திருக்கும். கட்டைவிரல் பருமனுக்கு எருக்குழியில் கிடப்பது தென்னைக் காண்டாமிருக வண்டின் புழு. அதற்கும் புல்வேருக்கும் சம்பந்தமில்லை, ஆனால் பக்கத்தில் தென்னை இருந்தால் அதை விட்டுவைக்கக் கூடாது. கால் இல்லாத புழு என்றால் அது வேறு வகை. இந்தச் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை. செய்யாமல் விட்டால் நல்லதும் கெட்டதும் சேர்ந்து சாகும்.

இன்னொன்றும் பாருங்கள். புல்லைப் பிடித்து இழுக்கும்போது வேர் கெட்டியாகப் பிடித்திருந்தால், காய்ந்ததற்குப் புழு காரணமில்லை. உப்புத் தண்ணீர், நாய் மூத்திரம், மிதிபட்டு இறுகிய மண், பூஞ்சை என்று தேட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்பு. அது புல்லின் நுனியைக் கருக்கும், வேரை அறுக்காது.

இரண்டாம் வேலை: எண்ணுங்கள்

காய்ந்த இடத்தில் ஒரு சதுர அடிக்கு பதினொன்று, பாதி காய்ந்த இடத்தில் ஏழு, பச்சை இடத்தில் இரண்டு. ஒரு பையன் நோட்டில் எழுதிவைத்தான்.

பச்சை இடத்திலும் புழு இருக்கிறதே என்று பலர் பதறுவார்கள். பதற வேண்டாம். நன்றாக வேர்விட்ட புல், சதுர அடிக்கு நான்கைந்து புழுவைத் தாங்கும். தின்பதைவிட வேகமாக வேர் வளரும். அதற்கு மேல் போகும்போதுதான் நாம் இறங்க வேண்டும். ஒரு புழுவும் இல்லாத மண் வேண்டும் என்று நினைப்பவர்தான் கடைசியில் விஷக் குருணையில் போய் நிற்கிறார்.

இந்தக் கணக்கினால் எங்களுக்கு ஒரு லாபம். பத்து சென்ட் முழுவதும் மருந்தடிக்க வேண்டியதில்லை, மூன்று சென்ட் போதும் என்று தெரிந்தது.

மண்ணுக்குள் இரண்டு வேட்டைக்காரர்கள்

வேர்ப்புழுவைக் கொல்ல மண்ணிலேயே ஆள் இருக்கிறது. முதலாவது, மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சை. 1879-ல் மெச்னிகோவ் என்ற அறிஞர், அன்றைய ரஷ்யாவின் ஒடெசா பகுதியில் கோதுமையைத் தாக்கிய வண்டின் புழுக்களில் இதைக் கண்டு ஆராய்ந்தார். அந்த வண்டின் பெயரான அனிசோபிலியாவிலிருந்துதான் 'மெட்டாரைசியம் அனிசோபிலியே' என்ற பெயர் வந்தது. இதன் வித்து புழுவின் தோலில் ஒட்டி, முளைத்து, துளைத்து உள்ளே போகும். செத்த புழு முதலில் வெள்ளையாகப் பூத்து, பிறகு பாசிப்பச்சை ஆகும். தென்னைக்காரர்களுக்கு எருக்குழியில் போடும் மருந்தாக இது ஏற்கெனவே பழக்கம்.

இரண்டாவது வேட்டைக்காரர் நம்மூர்க்காரர். நூற்புழு என்றாலே தக்காளியில் வேர்முடிச்சு போடுவதுதான் நினைவுக்கு வரும். இது வேறு சாதி. செடியைத் தொடாது, பூச்சியைத்தான் தேடும். கோயம்புத்தூரில் கரும்பு நுனிக்குருத்துப் புழுவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 1992-ல் புதிய இனம் என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பெயரிலேயே நம் நாடு இருக்கிறது: ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகா. வெப்பநாட்டு மண்ணில் பிறந்ததால் நம் வெயிலுக்குப் பழகியது. புழுவின் உடம்பில் நுழைந்து, தன் வயிற்றில் சுமந்து வந்த ஒருவகை பாக்டீரியாவை உள்ளே விடும். இரண்டு மூன்று நாளில் புழு சாகும். செத்த புழு செங்கல் நிறமாக மாறும். அதற்குள் நூற்புழு பெருகி, ஆயிரக்கணக்கில் அடுத்த புழுவைத் தேடிப் போகும். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் இதைத் தூள் வடிவில் தயாரிக்கும் முறையைக் கண்டு, நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்திருக்கிறது.

மண்புழு, பறவை, மீன், மனிதர் யாருக்கும் இவை இரண்டாலும் கெடுதல் இல்லை. கூட்டத்தில் கேள்வி கேட்ட அம்மாவுக்கு நான் சொல்ல முடிந்த பதில் இதுதான்.

வெளிநாட்டு முறைகளைப் படித்துவிட்டு 'மில்க்கி ஸ்போர்' எங்கே கிடைக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். அது அமெரிக்காவில் ஜப்பானிய வண்டு என்ற ஒரே வண்டின் புழுவுக்காகப் பயன்படுத்தப்படும் பாக்டீரியா. நம் மண்ணில் இருப்பது அந்த வண்டு அல்ல. அதைத் தேடிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

நாங்கள் செய்தது

காய்ந்த மூன்று சென்ட்டில் புல்லைச் சுருட்டி எடுத்தோம். மேலே தெரிந்த புழுக்களைப் பிள்ளைகள் பொறுக்கினார்கள். மிச்சத்தை மைனாக்களுக்கு விட்டு ஒரு காலைப் பொழுது காத்திருந்தோம். இதைவிட மலிவான வேலையாள் கிடையாது.

அன்று மாலை, வெயில் இறங்கிய பிறகு, மண்ணை நன்றாக நனைத்தோம். சென்ட்டுக்கு ஒரு கோடி என்ற கணக்கில் நூற்புழுத் தூளைத் தண்ணீரில் கரைத்து, பூவாளியால் ஊற்றினோம். கோடி என்றதும் மலைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத உயிர், பொட்டலத்தில் எண்ணிக்கை அச்சிட்டிருக்கும். தெளிப்பானில் ஊற்றினால் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே தேங்கும். ஊற்றிய கையோடு மறுபடி தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்கினோம். வெயில் பட்டால் சில நிமிடத்தில் செத்துவிடும். பிறகு பதினைந்து நாள் மண் காயாமல் பார்த்துக்கொண்டோம்.

பாதி காய்ந்த விளிம்புகளில் மெட்டாரைசியம். சென்ட்டுக்கு 100 கிராம் தூளை ஐந்து கிலோ மட்கிய, சலித்த எருவோடு கலந்து, லேசாக ஈரம் தெளித்து, ஒரு வாரம் நிழலில் சாக்கு போட்டு மூடிவைத்தோம். பிறகு மாலையில் தூவி, தண்ணீர் விட்டோம். அதோடு சென்ட்டுக்கு இரண்டு கிலோ வேப்பம் பிண்ணாக்கு. பூஞ்சைக்கொல்லி எதையும் அந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவைத்தேன், அது மெட்டாரைசியத்தையும் கொன்றுவிடும்.

மூன்று வாரம் கழித்துத் தோண்டினோம். செங்கல் நிறத்தில் சில, பச்சைப் பூஞ்சை பூத்துச் சில, உயிரோடும் சில. பதினொன்று இருந்த இடத்தில் உயிரோடு ஐந்து. 'என்ன சார், பாதிதான் செத்திருக்கு' என்று தலைவர் முகம் சுருங்கியது. புரட்டாசிப் புழு நன்கு முற்றி, தோல் தடித்த புழு. உயிரியல் மருந்துக்கு அது எளிதில் மசியாது. இதே வேலையை இளம்புழு மேலே மேயும் ஆடி, ஆவணியில் செய்தால் பலன் கூடுதல். 'அடுத்த ஆடியில பாருங்க' என்றேன். அவர் பதில் பேசவில்லை. காலியான இடத்தில் புதுப்புல் வாங்காமல், பச்சையாக இருந்த பக்கத்திலிருந்தே கரணை எடுத்து நட்டோம்.

வாசலிலேயே தடுப்பது

புழு எப்படி வந்தது? பாதி, வண்டு பறந்து வந்து முட்டையிட்டது. மீதி, நாமே விலை கொடுத்து வாங்கியது. மண், எரு, நாற்று, பதிக்கும் புல் எல்லாவற்றோடும் புழு பயணம் செய்யும். காண்டாமிருக வண்டு 1909-ல் இலங்கையிலிருந்து போன ரப்பர் நாற்றுகளோடு பசிபிக் கடலில் உள்ள சமோவா தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே தென்னையை அழித்த அதை அடக்க, 1967-ல் அந்த வண்டைத் தாக்கும் வைரஸைக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. ஒரு தொட்டி மண் போதும்.

ஆகவே எரு வாங்கினால் அப்படியே கொட்டாதீர்கள். அரைகுறையாக மட்கிய சாணம் வண்டுக்கு அழைப்பிதழ். வெயிலில் மெல்லிசாகப் பரப்பி, கோழியை விடுங்கள், பிறகு சலியுங்கள். நர்சரியிலிருந்து புல் வந்தால் நாலைந்து துண்டுகளைப் புரட்டி வேரைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

வண்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோடை மழையோ தென்மேற்குப் பருவத்தின் முதல் இடிமழையோ மண்ணை நனைத்த மாலையில், இருட்டும் நேரத்தில் மண்ணிலிருந்து கிளம்பும். வேம்பு, முருங்கை, இலந்தை மரங்களில் கூடி இலையைத் தின்னும். விடியும் முன் மண்ணுக்குத் திரும்பி முட்டையிடும். அந்த நாலைந்து இரவுகள்தான் முக்கியம். ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, மரத்தடியில் பழைய புடவையை விரித்து, கிளையை உலுக்கி, விழும் வண்டுகளைச் சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். புல்லைவிட்டுத் தள்ளி ஒரு விளக்குப் பொறி, கீழே தண்ணீர்ப் பாத்திரம். புல்லை ஒட்டிய விளக்கு எரிந்தால் அந்த நேரம் அணைத்துவிடுங்கள். கடலைக் காடு என்றால் இதை ஊரே சேர்ந்து செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்துக் காட்டு வண்டு வந்து முட்டையிடும்.

எங்கள் தெருவில் அடுத்த ஜூன் மாதம் முதல் இடிமழைக்கு மறுநாள் மாலை, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வாளியோடு நின்றார்கள். ஆடியில் மெட்டாரைசியம், நூற்புழு இரண்டும் இன்னொரு முறை. தண்ணீரைத் தினமும் தெளிப்பதை நிறுத்தி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி விட்டோம், வேர் கீழே இறங்கட்டும் என்று. புல்லை ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாக விட்டோம்.

புரட்டாசியில் அதே மூன்று இடத்தில் தோண்டினோம். மூன்று, இரண்டு, இரண்டு. நோட்டு வைத்திருந்த பையன் சத்தமாகப் படித்தான். பேவர் பிளாக் பேச்சு அந்தக் கூட்டத்தில் எழவில்லை. கார் நிறுத்த இடம் கேட்டவர் மட்டும் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வாசகர்களுக்குச் சுருக்கமாக. சித்திரை முதல் ஆனி வரை, மழைக்கு மறுநாள் வண்டைப் பிடியுங்கள். ஆடி, ஆவணியில் இளம்புழு மேல்மண்ணில் மேயும்போது பூஞ்சையும் நூற்புழுவும் கொடுங்கள், மாலையில், ஈர மண்ணில். புரட்டாசி, ஐப்பசியில் தோண்டி எண்ணுங்கள். கார்த்திகைக்குப் பிறகு செலவு செய்யாதீர்கள், அப்போது அது ஆழத்துக்குப் போயிருக்கும். மண்ணெண்ணெய், உப்புக் கரைசல், சோப்புத்தூள் என்று எதையும் புல்லில் ஊற்றாதீர்கள், புழுவுக்கு முன்னால் புல் செத்துவிடும். மெட்டாரைசியத்துக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். உயிருள்ள சரக்கு, வெயிலில் வைத்து விற்ற பொட்டலத்தை வாங்காதீர்கள்.

கேள்வி அனுப்புபவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'புழு இருக்கிறது, என்ன மருந்து?' என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு சதுர அடியில் எத்தனை இருந்தது, தரையில் விட்டால் எப்படி ஊர்ந்தது, எந்த மாதம் தோண்டினீர்கள் என்று எழுதுங்கள். அந்த மூன்றும் இருந்தால் பாதி பதிலை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.